மேற்கோளின் எண்ணிக்கையும் மூலமும்

அரபுக் கல்லூரி மாணவர் ஒருவர் அலெக்ஸாந்திரியா நூலகத்தைப் பற்றிக் கலைக்களஞ்சியத்திற்கென எழுதிய கட்டுரையைப் பார்வைக்குத் தந்தார். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படியே அந்நூலகம் எரிக்கப்பட்டது என அதில் உறுதிபடக் கூறி, 6 நூல்களைச் சான்று காட்டியிருந்தார். நடை செம்மையானது, உழைப்பும் பாராட்டுக்குரியது. ஆயினும் அந்நூல்கள் யாவும் பிற்காலத்தவை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியவை. மேற்கோள் ஆறாயினும் சாட்சி ஒன்றே.

அந்நகரம் முஸ்லிம்கள் வசமானது கி.பி. 642இல். அதே நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த நிக்கியூ நகர ஆயர் யோவானின் நூலில் இச்செய்தி இல்லை. 9ஆம் நூற்றாண்டின் இப்னு அப்துல் ஹகமும் பலாதுரியும் இதைக் கூறவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி, இப்னுல் கிஃப்தி ஆகியோரின் எழுத்துகளிலேதான் இது தலைகாட்டுகிறது. இடைவெளி ஐந்தரை நூற்றாண்டுக்கும் மேல்!

இதைக் கேட்ட மாணவர் மகிழ்ந்து, அச்செய்தியையே நீக்கிவிட முனைந்தார். அதுவும் பிழையே. எழுதிவைத்த அவ்விருவரும் முஸ்லிம்களே அல்லவா? உவப்பானதை ஏற்பதும் கசப்பானதைத் தள்ளுவதும் ஆய்வன்று. இன்னார் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் கூறினார், முந்தையோர் கூறவில்லை என்று பதிவு செய்வதே நேர்மை.

இதை உமக்கு அறிவித்தவர் யார், அவருக்கு அறிவித்தவர் யார்? ஹதீஸ் பாடத்தில் நாள்தோறும் கேட்கும் இவ்வினாவை, பேனாவை எடுத்ததும் நம் மாணவர்கள் மறந்துவிடலாகாது.