காவலும் உரிமையும்

நியூசிலாந்தின் பாங்ஸ் குடாநாட்டில் முன்னோடிக் குடியேறிகளாக அமைந்த தாக்கர் குடும்பத்தின் வழித்தோன்றல் மறே தாக்கர். அவர் தனிமுயற்சியாற் திரட்டிய பொருட்களே, பழைய பாற்கட்டித் தொழிற்சாலையொன்றில் 1977 இல் ஓகெயின்ஸ் பே நூதனசாலையாக உருப்பெற்றன. மாவோரி மக்களின் அரும்பொருட்களும் குடியேறியோரின் கருவிகளும் அங்கு ஒருங்கே இடம்பெற்றுள்ளன.

சிதறக்கூடியவற்றைக் காத்தமை போற்றற்குரியதே. ஆயினும், நிலத்தைப் பெற்றோரின் வழிவந்தவரே நிலத்தை இழந்தோரின் நினைவுகளுக்கும் காவலரானமை சிந்திக்கற்பாலது. இரு சாராரின் பொருட்களை அருகருகே வைப்பதனால் மட்டும் சமத்துவம் கைகூடிவிடாது. 1840 இல் கைச்சாத்தான வைத்தாங்கி உடன்படிக்கையின் நினைவுநாளில், நூதனசாலையின் மாவோரித் தோணியை ஆற்றிற் செலுத்தும் மரபு அங்குண்டு. காட்சிப்பொருள் அன்று மீண்டும் தோணியாகின்றது. அவ்வாறே, பொருட்களின் வரலாற்றை உரைக்கும் உரிமையும் அவற்றிற்குரிய மக்களைச் சேரும்போதே குடும்பச் சேகரிப்பு உண்மையிற் பொதுச்சொத்தாகும்.