கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து தொடங்குங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் குடியிருக்கும் எந்தத் தாமானுக்குப் போனாலும் வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கும். மண்ணே இல்லாத அடுக்குமாடி வீட்டிலும் நடைபாதையில் ஒரு தொட்டி இருக்கும். பூச்சிகளை ரசிக்கக் கற்றுக்கொள்ள அந்தச் செடி போதும். முதல் பாடம் இதுதான்: பூச்சியைத் துரத்தாதீர்கள், செடியைப் பாருங்கள். பூச்சி பறந்துவிடும், செடி அங்கேயே நிற்கும். அதைத் தின்ன வருவது, தின்ன வந்ததைத் தின்ன வருவது எல்லாம் தானாகவே உங்கள் கண்முன் வந்து சேரும்.

கொழுந்திலைகளைத் திருப்பிப் பாருங்கள். வெளிர்மஞ்சளில் கடுகளவு முட்டை ஒன்று ஒட்டியிருக்கலாம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியோ கறிவேப்பிலை அழகியோ இட்டது அது. பொரிந்து வரும் புழு முதல் சில நாள் கறுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் என்றே நினைக்கும்படி இலைமேல் அசையாமல் கிடக்கும். தையல்சிட்டை ஏமாற்ற அதற்கு அந்த வேடம் போதும். கடைசியாகத் தோலுரித்ததும் முழுப்பச்சையாகிவிடும். அப்போது ஓர் ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து, இரண்டாகக் கிளைத்த ஆரஞ்சு நிறக் கொம்பு ஒன்று சட்டென்று நீளும், கூடவே ஒரு நெடி அடிக்கும். எறும்பை விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அது. கூட்டுப்புழுவாகும் நேரத்தில் வால் நுனியைத் தண்டில் ஒட்டிக்கொண்டு, உடம்பைச் சுற்றி ஒற்றைப் பட்டிழையைக் கட்டி, மரமேறி இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நிற்பதுபோல் நிற்கும். எல்லாப் புழுவும் இந்தக் கட்டம்வரை வருவதில்லை. முட்டைக்குள்ளேயே முட்டையிடும் நுண்குளவிகள் இருக்கின்றன. ரசத்துக்கு வைத்திருந்த இலை போகிறதே என்று மருந்து அடித்துவிடாதீர்கள். செடி மறுபடி துளிர்த்துவிடும்.

வீட்டுச் செடி பழகியதும் கோயிலுக்குப் போங்கள். நம் கோயில்களில் பிள்ளையாருக்கென்று வளர்க்கும் எருக்கு, நகரத்தில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிக்குக் கிடைத்த பெரிய வாழ்விடம். அதன் புழு எருக்கம்பாலின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுமுறை அந்த ஆரஞ்சு நிறத்தின் பக்கம் வராது. எருக்கம்பூவில் கரிய தச்சுத் தேனீ வந்து அமரும்போது கிட்ட நின்று கவனியுங்கள். பயப்பட வேண்டாம், அதற்குப் பூவின் மேல்தான் குறி. செடியின் பால் மட்டும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரளி இருந்தால் இலையின் அடிப்புறம் பாருங்கள். காக்கைக் கறுப்பு வண்ணத்துப்பூச்சிகளின் கூடு, மெருகிட்ட வெள்ளிபோல் பளபளத்துத் தொங்கும். அர்ச்சனைக்குப் பூப் பறிக்கிறோம் என்று தெரியும். இத்தனை உயிருக்குச் சோறு போடுகிறோம் என்பதும் தெரிந்தால் நல்லது.

பிரிக்பீல்ட்ஸின் பழைய கடைவீட்டுச் சுவர்களில் செங்கல் இடுக்கிலிருந்து பிசினால் செய்த குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். மலாய்க்காரர்கள் கெலுலுட் என்று சொல்லும் கொடுக்கில்லாத கொசுத்தேனீயின் வாசல் அது. காவல் தேனீக்கள் வாயிலைச் சுற்றி நிற்கும். பெரிய தேனீக்கள் வீட்டில் கூடு கட்டிவிட்டால் உடனே தீ வைக்கவோ மருந்தடிக்கவோ கிளம்ப வேண்டாம். மை பீ சேவியர் சங்கத்தினர் போன்றவர்கள் கூட்டை உயிரோடு எடுத்து வேறிடத்தில் வைக்கிறார்கள்.

கிள்ளானில் மாமரம் உள்ள வீட்டுக்காரர்களுக்குக் கெரெங்கா எறும்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடி வாங்காதவர் குறைவு. ஆனால் அது கூடு தைப்பதை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? ஒரு வரிசை எறும்பு இரண்டு இலைகளை இழுத்துப் பிடிக்கும். இன்னொன்று தன் கூட்டத்தின் புழுவை வாயில் கவ்வி வந்து, இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக மாறி மாறித் தொடும். புழு விடும் பட்டிழைதான் தையல். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் கால்களை எண்ணுங்கள். எட்டு வந்தால் அது எறும்பில்லை. முன்னங்கால்களை உணர்கொம்புபோல் தூக்கி நடிக்கும் நண்டுச் சிலந்தி ஒன்று இங்கே உண்டு. அதன் பின்புறத்தில் உள்ள இரண்டு கறுப்புப் புள்ளிகள் எறும்பின் கண்போலவே தெரியும்.

சிலந்தி என்றால் முகம் சுளிப்பவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் இட்லிப்பூச் செடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் இரண்டு இலைகளைப் பிரித்து, உள்ளே இருந்த நீலப்பச்சைச் சண்டைச் சிலந்தியைத் தீப்பெட்டியில் வைத்து வளர்த்தார்கள். செடியைச் செடியாகப் பார்க்கத் தெரிந்திருந்ததால்தான் அது அவர்களுக்கு அகப்பட்டது. இப்போது பிடிக்க வேண்டாம், ஒட்டிய இலையைக் கண்டால் போதும். காலை ஏழரை, எட்டு மணி வெயில் சாய்வாக விழும்போது வேலியோரம் போனால் பொன்வலைச் சிலந்தியின் வலை உண்மையிலேயே மஞ்சளாக மின்னும். நடுவில் பெரிதாக இருப்பது பெண். அதே வலையின் ஓரத்தில் நகக்கண் அளவில் ஒன்று இருந்தால் அதுதான் ஆண்.

இந்த ஊர்த் தமிழனுக்குப் பத்துமலையைப் படியாகவும் காவடியாகவும் தெரியும். 272 படிகளில் ஏறும்போது, உச்சிக்குச் சற்று முன்பு பக்கவாட்டில் இருட்டுக் குகையின் வாய் இருக்கிறது. அதன் சுவரில் வாழ்கிறது லிபிஸ்டியஸ் பட்டுவென்சிஸ் என்ற சிலந்தி. 1923இல் அறிவியலுக்கு அறிமுகமானது, பெயரிலேயே பத்துமலை இருக்கிறது. அதன் வயிற்றின்மேல் வரிசையாகத் தகடுகள். மற்றச் சிலந்திகளில் பெரும்பாலானவை எப்போதோ இழந்துவிட்ட இந்த அமைப்பை, 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புதைபடிவச் சிலந்திகளில் காண்கிறோம். பட்டும் மண்ணும் குழைத்து வளைக்குக் கதவு செய்து, வாசலிலிருந்து கதிர்போல் இழைகளை விரித்துவிட்டு உள்ளே காத்திருக்கும். இழையில் பூச்சியின் கால் தட்டினால் கதவு திறக்கும். அந்தப் பூச்சிகளுக்குச் சோறு வௌவால் எச்சம். வௌவால்களில் ஒரு வகை இரவெல்லாம் தேன் தேடி வெகுதூரம் பறந்து, கடலோரச் சதுப்பு மரங்கள்வரை போய் வருகிறது. கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினிகள் கூடி மின்னும் பெரெம்பாங் மரமும் அந்தச் சதுப்பு மர வகைதான். கடலோர மரத்தை வெட்டினால் குகைச் சுவரில் ஒரு கதவு மூடிவிடக்கூடும். இதை நினைத்துக்கொண்டு படியேறினால் போதும், உள்ளே போய்த் தேட வேண்டாம்.

இத்தனை சொன்னாலும், டிங்கி என்று வந்துவிட்டால் புகையடிக்கத்தான் வேண்டும் என்பார்கள். டிங்கி உயிரை வாங்கும் நோய், அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் புகை, பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். வாளித் தண்ணீரில் நெளியும் புழுவைத் தொடாது. தேனீ, வண்ணத்துப்பூச்சி, கொசுவைத் தின்னும் சிலந்தி என்று குறுக்கே வரும் எல்லாம் அதில் மாட்டும். வேறு வழியும் இந்த நாட்டிலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கேற்ற குழு, வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை 2017 முதல் சிலாங்கூரில் விட்டுப் பார்த்தது. அந்தப் பகுதிகளில் டிங்கி ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வாரம் ஒருமுறை தொட்டித் தட்டுகளைக் கவிழ்ப்பது நம் பங்கு.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டீவன் கார்பெட், இங்கே இரண்டு ஆண்டு வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்தார். 118 இனங்கள் ஒரே ஒரு தடவைதான் அகப்பட்டன. 74 இரண்டு தடவை, 44 மூன்று தடவை. கண்ணில் படாதவை இன்னும் எத்தனை இருக்கும் என்ற அவருடைய கேள்விக்குப் புள்ளியியலாளர் ஃபிஷர் கண்ட வழி, 1943இல் கட்டுரையாக வந்தது. உலகெங்கும் உயிரினப் பன்மையை அளப்பவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள்: நாள், நேரம், எந்தச் செடி, என்ன செய்துகொண்டிருந்தது. ஒருமுறை மட்டும் வந்ததற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். பெயர் தெரியாவிட்டால் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால், தெரிந்தவர் யாராவது சொல்வார்.