பங்கேற்பு எனப்படுவது யாது?

இணையத்தின் வழித் தமிழுக்கு உழைக்கும் குழுக்கள் இன்று பல. அவற்றுள் 'செயலூக்கமுடைய பங்கேற்பாளர்' இத்தனை பேர் என்று மாதந்தோறும் கணக்குக் காட்டப்படுகிறது. ஆசிரியர்களாகிய நம்மையும் அக்கணக்கிற் சேர்ந்துகொள்ளுமாறு அழைக்கின்றனர். மாணவரையும் சேர்க்குமாறு கேட்கின்றனர். அழைப்பு நல்லதே. ஆயினும், அக்கணக்கு எதனை அளக்கிறது, எதனை அளவாது விடுகிறது என்பதை ஆராயாமல் நம் மாணவரை அதனுள் இறக்கிவிடுதல் தகாது.

முதற்கண் தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம். 2003ஆம் ஆண்டில் தோன்றிய இக்கலைக்களஞ்சியம், இ. மயூரநாதன் போன்றாரின் இடைவிடாத உழைப்பால் வளர்ந்து, 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. கூலி பெறாத தொண்டர்கள் பதினான்கு ஆண்டுகளில் எய்திய பேறு இது. இதனைக் குறைத்துரைப்பார் தமிழின் வரலாறு அறியாதார். இங்கே ஒரு மாதத்தில் ஐந்து தொகுப்புகளேனும் செய்தவரைச் செயலூக்கமுடையவர் என்றும், நூறு செய்தவரை மிகுந்த செயலூக்கமுடையவர் என்றும் வகுத்திருக்கின்றனர். எழுதியதைச் சேமிப்பதற்காகப் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் அஃது ஒரு தொகுப்பு. ஆகவே, நான்கு நாள் நூலகத்தில் அமர்ந்து நான்கு நல்ல கட்டுரைகளை எழுதி நான்கே முறை சேமித்தவர் செயலூக்கம் இல்லாதவர். காற்புள்ளியொன்றை ஐந்து பக்கங்களில் இட்டவர் செயலூக்கமுடையவர். விதி வகுத்தோர் இவ்வாறு விரும்பியிரார் என்பது உறுதி. ஆயினும் விதி இவ்வாறுதான் பேசுகிறது.

இதனினும் நுட்பமான அளவை மற்றொன்று உண்டு. ஒவ்வொரு தொகுப்பின் பக்கத்திலும் அதனாற் கட்டுரை எவ்வளவு கூடிற்று அல்லது குறைந்தது என்பதை ஓர் எண் காட்டும். அது சொற்களின் எண்ணிக்கை அன்று. எழுத்துகளின் எண்ணிக்கையும் அன்று. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் 'பைட்டு' என்னும் சிற்றலகின் எண்ணிக்கை. ஒருங்குறி முறையில் ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழுக்கோ உயிரெழுத்து, அகரமேறிய மெய், கொம்பு, கால், புள்ளி ஆகிய ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லில் ஐந்து குறிகள். ஆதலின் அது பதினைந்து பைட்டு.

இவ்வளவையைக் கொண்டு தமிழாசிரியர் ஒருவரின் உழைப்பை அளந்து பார்ப்போம். ஒரு கட்டுரையில் 'வாலைப்பழம்' என்று கிடக்கிறது. ஆசிரியர் கண்டு லகரத்தை நீக்கி ழகரத்தை இடுகிறார். நீக்கியது மூன்று பைட்டு, இட்டதும் மூன்று பைட்டு. எண் சுழியம் என்று நிற்கும். பிறிதோரிடத்தில் 'படித்து பார்' என்றிருப்பதைப் 'படித்துப் பார்' என்று திருத்துகிறார். ஆறு பைட்டு வரவு; பச்சை நிறத்தில் எண் தோன்றும். அடுத்த வரியில் 'வந்தக் கதை' என்றிருக்கிறது. பெயரெச்சத்தின் பின் வல்லெழுத்து மிகாது என்பதை அறிந்தவராதலால் ககர ஒற்றை நீக்குகிறார். ஆறு பைட்டு செலவு; எண் சிவப்பு நிறம் பெறும். வலி மிகும் இடத்தில் சேர்த்தால் ஆக்கம், மிகா இடத்தில் நீக்கினால் நட்டம்! புணரியலைக் கற்பிக்கும் நம் போன்றார்க்கு நகையும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. சிவப்பு எண்ணால் அவர்க்கு ஒரு தண்டனையும் இல்லை, திருத்தமும் ஒரு தொகுப்பாகவே எண்ணப்படும் என்பது மெய்தான். ஆனால் சிவப்பு மையின் பொருளை நம் மாணவர்க்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டுமோ? பட்டியலைப் பார்க்கும் இளைஞன் கூட்டுவதே பணி என்று கொள்வான். பிழை களைதல் பணியன்று என்று கொள்வான்.

போட்டிகள் இவ்வெண்ணத்தை மேலும் வளர்க்கின்றன. இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கிடையே 2018இல் 'வேங்கைத் திட்டம்' என்னும் கட்டுரைப் போட்டி நடந்தது. பஞ்சாபி முதலிடமும் தமிழ் இரண்டாமிடமும் பெற்றன. 2019–20இல் மீண்டும் நடந்தபோது தமிழ் முதலிடம் பெற்றது. வென்றவர்களைப் போற்றுவோம். எனினும், கட்டுரைக்கு இத்தனை சொல் என்று எல்லை வகுத்து எண்ணிக்கையால் வெற்றி காணும் போட்டியில், பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படித்துச் செப்பஞ்செய்தவர்க்கு எந்த இடம் என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

இஃது இணையத்திற்கே உரிய குறையன்று. ஆசிரியப் பயிற்சியில் நாம் அனைவரும் கற்ற குறைதான். வகுப்பில் அடிக்கடி கையுயர்த்தும் பிள்ளைக்குப் பங்கேற்பு மதிப்பெண் இடுகிறோம். கடைசி வரிசையில் வாய் திறவாது கேட்டிருந்து மறுநாள் கட்டுரையில் பாடத்தின் உயிரைப் பிடித்துத் தரும் பிள்ளையை மந்தன் என்று குறித்துவிடுகிறோம். நன்னூலார் மாணாக்கரைத் தரம் பிரித்தபோது வாயளவை நோக்கினாரல்லர். நீரை விலக்கிப் பாலை உண்ணும் அன்னத்தையும், மேய்ந்ததை இருந்து அசைபோடும் பசுவையும் தலையாயவர்க்கு உவமை காட்டினார். கற்பித்ததையே திருப்பிச் சொல்லும் கிளிக்கு இடையிடம். செடிக்குச் செடி தாவி நுனியைக் கடிக்கும் ஆட்டையும், நீரைக் கலக்கிக் குடிக்கும் எருமையையும் கடையில் வைத்தார். மாதம் ஐந்து தொகுப்பு என்னும் அளவுகோலை ஆடு எளிதில் தாண்டிவிடும். பசு தாண்டுமா என்பது ஐயமே.

நம் முன்னோர் நூலுலகில் யாரைப் பங்காளர் எனக் கொண்டனர் என்பதையும் நோக்குவோம். சிறப்புப்பாயிரத்தில் கூறவேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயர் ஒன்று. 'கேட்போர்' என்பதும் அவற்றுள் ஒன்று. நூலைக் கேட்டற்குரியார் இன்னார் என்று சொல்லாவிடில் பாயிரம் நிறைவுறாது. தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் தந்த பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அந்நூலைக் கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசானைப் பெயர் சுட்டிக் குறிக்கிறது. அவர் குற்றங்கூறக் கூறத் தொல்காப்பியர் விடையிறுத்தார் என்று நச்சினார்க்கினியர் உரைப்பார். அதங்கோட்டாசான் தொல்காப்பியத்தில் ஒரு நூற்பாவும் எழுதினாரல்லர். ஆயினும் அவர் பெயரின்றி அந்நூலின் வாயிலைக் கடக்க இயலாது.

இறையனார் களவியலுரை கூறும் வரலாறு இதனினும் வியப்புடையது. அந்நூலுக்குப் புலவர் பலர் உரை கண்டனர். எது மெய்யுரை என்பதில் மாறுபாடு எழுந்தது. தீர்ப்புக் கூற அமர்த்தப்பட்டவன் உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவன். மருதனிளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் அவன் கண்ணீர் வார்ந்தது. நக்கீரனார் உரைத்தபோதோ பதந்தோறும் வார்ந்தது. அதனையே தீர்ப்பாகச் சங்கம் ஏற்றது. இவ்வரலாற்றைக் கதையென்று தள்ளுவார் தள்ளுக. ஒரு சமுதாயம் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை அதன் மதிப்பைக் காட்டும். ஒரு சொல்லும் பேசாத பிள்ளையை அவையின் நடுவில் இருத்தி அவன் கேட்டலையே அளவுகோலாக்கியது இக்கதை.

ஆயின் வாளாவிருப்பதே பங்கேற்பு ஆகிவிடுமோ என்று வினவுவார் உளர். ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 2006இல் எழுதியது பலர்க்கு நினைவிருக்கலாம். இணையக் குழுக்களில் நூற்றில் தொண்ணூறு பேர் பார்த்துப் போவோர். ஒன்பது பேர் எப்போதேனும் பங்களிப்போர். ஒருவரே பெரும்பணி செய்வார் என்பது அவர் காட்டிய கணக்கு. தொண்ணூறு பேரையும் உருத்திரசன்மர் ஆக்க நான் முற்படவில்லை. சிறுவன் பேசவில்லை என்பது மெய். ஆனால் அவன் கண்ணீரால் ஓர் உரை நின்றது, பிற உரைகள் விலகின. ஒருவர் படித்ததனால் நூலில் ஏதேனும் மாறிற்றா, அல்லது இதனை மாற்ற வேண்டுவதில்லை என்று அவர் பொறுப்பேற்று உறுதி கூறினாரா? இரண்டில் ஒன்று இருப்பின் அவர் பங்கேற்பாளர், இல்லையேல் பார்வையாளர். நான் வரையும் கோடு இதுதான். எத்தனை முறை பொத்தானை அழுத்தினார் என்பது இக்கோட்டிற்கு அப்பாற்பட்டது.

இவ்வாறு அளத்தல் இயலாத செயல் என்று கருதவேண்டா. தமிழுலகில் அது நடந்துகொண்டேயிருக்கிறது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தொண்டர்களைக்கொண்டு தட்டெழுதி இணையத்தில் ஏற்றியது. அந்நூல்களின் முகப்பில் தட்டெழுதியவர் பெயரைக் காண்கிறோம்; மெய்ப்புப் பார்த்தவர் பெயரையும் தனியே காண்கிறோம். பாயிரத்துக் 'கேட்போர்' புதுக்கோலத்தில் மீண்டும் வந்துவிட்டார் எனலாம்.

விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பாகிய விக்கிமூலம் இதனை விதியாகவே ஆக்கியிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் அளித்த நாட்டுடைமை நூல்கள், ஏறத்தாழ 2000, அங்கே படங்களாக ஏறியுள்ளன. படத்திலுள்ள எழுத்துகளை இயந்திரம் படித்துத் தரும். அது செய்யும் பிழைகளோ பல. துணைக்காலையும் ரகரத்தையும் ஒன்றெனக் கொள்ளும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான நூல்களில் வரும் பழைய ணா, றா, னா, பழைய லை, னை ஆகியவற்றின் முன் தடுமாறி நிற்கும். ஒவ்வொரு பக்கமும் முதலிற் சிவப்பு. ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சள். அது பச்சையாக வேண்டுமாயின் வேறொருவர் மீண்டும் ஒப்பிட்டு உறுதி கூறவேண்டும். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க இயலாது. இரண்டாமவர் ஒரு புள்ளியையும் மாற்றாமல் இருக்கலாம். பிழையில்லை என்று தம் பெயரால் அவர் நிற்பதே பணி. இத்துணை நல்ல விதியை யார் வகுத்தாரோ, அவர் அரங்கேற்றத்தின் கருத்தை அறிந்தவர் போலும்.

கிளமெண்டியில் தம்பி வீட்டிற்குப் பள்ளி விடுமுறைதோறும் வருவேன். அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில், கல்மேசையைச் சூழ்ந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சிலர் மாலையில் அமர்வதுண்டு. அவருள் அம்மையார் ஒருவர் விக்கிமூலப் பக்கங்களை நாள்தோறும் பச்சையாக்கி வருகிறார். "இணையத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள், அம்மா?" என்று பக்கத்திலிருந்த இளைஞர் கேட்டார். "ஒன்றும் எழுதவில்லை, தம்பி. படிக்கிறேன்," என்றார் அம்மையார். இளைஞர் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அம்மையார் காட்டிய பக்கத்தை நானும் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பக்கத்திற்குக் கால் மணி நேரம் பிடித்தது. அவர் கண்ட ஒரு பிழையை என் கண் காணவில்லை.

அம்மேசையிலிருந்து நெடுந்தொலைவு செல்லாமலே இப்பணியின் பழைய சுவடொன்றைக் காணலாம். கிளமெண்டிச் சாலையை ஒட்டிய சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில்தான் 1997 மே மாதத்தில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. அதில் முன்னின்று உழைத்தவர் நா. கோவிந்தசாமி, கணியன் விசைப்பலகையை ஆக்கியவர், 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழும் அங்கே தோன்றக் காரணமானவர். அவரை இணையத் தமிழின் முன்னோடி என்று மட்டுமே பலர் நினைவுகூர்கின்றனர். இருபது ஆண்டுகட்கு முன்பே, 1977இல், அவர் 'இலக்கியக் களம்' அமைத்தார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பிறர் எழுதிய கதைகளைக் கூடிப் படித்துத் திறனாய்வு செய்வதற்கான களம் அது. படிப்போரைக் கூட்டத் தெரிந்தவர் பின்னர் எழுதுவோர்க்குக் கருவி செய்தார். இவ்வரிசை தற்செயலாக நேர்ந்தது என்று என்னால் எண்ண இயலவில்லை.

பள்ளிகளுக்கு வரும் படிவமொன்றில் 'இணையத் தமிழ்ப் பங்களிப்பு' என்னும் பகுதி இருந்தது. எங்கிருந்து வந்தது என்பது ஈண்டு வேண்டா. 'எழுதிய கட்டுரைகள்' என்று ஒரு கட்டம், 'பதிவேற்றிய படங்கள்' என்று ஒரு கட்டம், வேறு கட்டமில்லை. எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பழைய சிறுவர் நூலொன்றில் பதினொரு பக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டு மஞ்சளாக்கியிருந்தனர். கட்டங்கள் இரண்டிலும் சுழியம் எழுதி, ஓரத்தில் கையால் ஒரு கோடு கிழித்து, 'படித்துத் திருத்திய பக்கங்கள்: 11' என்று எழுதி அனுப்பினேன். இதனைப் படிக்கும் ஆசிரிய அன்பர்கள் தத்தம் படிவங்களிலும் அக்கோட்டைக் கிழிக்கலாம். அப்பதினொரு பக்கங்கள் இன்னும் மஞ்சளாகவே உள்ளன. வேறொரு பள்ளியின் பிள்ளைகள் பார்த்துத் தரவேண்டும்.