அயலான், அயலாள்

2024 பொங்கலுக்கு வந்த ஆர். ரவிக்குமாரின் ‘அயலான்’ குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் படம். பூமியைத் துளைத்து எரிவாயு எடுக்க, விண்ணிலிருந்து வந்த கல் ஒன்றைப் பயன்படுத்துகிறான் முதலாளி ஆர்யன் (ஷரத் கேல்கர்). அதை மீட்க வரும் வேற்றுக்கிரக உயிர், தமிழ் என்ற கிராமத்து விவசாயியோடு (சிவகார்த்திகேயன்) சேர்கிறது. எல்லா உயிர்க்கும் இந்த மண்ணில் இடமுண்டு என்று நம்பும் ஒருவனைச் சாகச நாயகன் ஆக்கியது எனக்குப் பிடித்திருந்தது. அலட்டிக்கொள்ளாத நகைச்சுவை சிவகார்த்திகேயனுக்கு இயல்பாகவே வருகிறது.

என் சிக்கல் தலைப்பில் தொடங்குகிறது. ‘ஆன்’ ஆண்பால் விகுதி. வந்திருப்பதோ ஆணென்றும் பெண்ணென்றும் அடையாளமில்லாத உடல். மனிதரல்லாத உயிருக்கு உயர்திணை தந்த தாராளம் பாராட்டத்தக்கது. ஆனால் உயர்திணை என்றதும் நமக்கு ஆண்பால்தான் நாவில் வருகிறது. குரலும் சித்தார்த்துடையது. ஒரு கட்டத்தில் அந்த உயிரின் சக்தி தமிழிடம் வந்து சேர்கிறது. ஆணிடமிருந்து ஆணுக்கே கைமாறுகிறது வல்லமை.

பெண்கள் இல்லாமல் இல்லை. காதலிக்க ரகுல் ப்ரீத் சிங், தாயாகப் பானுப்ரியா, வில்லன் பக்கம் நிற்க இஷா கோபிகர். மூவரும் ஓர் ஆணுக்கு என்ன உறவு என்பதைக் கொண்டே அறியப்படுகிறார்கள். வேற்றுக்கிரக உயிரை நேருக்கு நேர் பார்த்து, தன் ஆர்வத்தால் கதையைத் திருப்பும் பெண் ஒருத்திகூட இல்லை.

அறுபது ஆண்டுகளுக்கு முன், 1963இல், ‘கலை அரசி’ வந்தது. அதில் வேற்றுக்கிரகத்தவர் பி. பானுமதியைக் கடத்திச் செல்வது, தங்கள் மக்களுக்கு இசையும் நடனமும் கற்றுத்தர. மீட்க எம்.ஜி.ஆர். போகத்தான் வேண்டியிருந்தது, அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பூமியில் தேடிவந்து எடுத்துப்போகத் தக்க செல்வம் ஒரு பெண்ணின் கலை என்று அந்தக் கதை நம்பியது. தலைப்பும் அவளுடையது. நடித்தவரோ சொந்தக் குரலில் பாடியவர், 1953இலேயே ‘சண்டிராணி’யை இயக்கியவர்.

மண்ணைக் காப்பவர் என்றால் திரையில் இன்றும் ஓர் இளைஞன்தான். சர்க்கரை ஆலை இருக்கும் எங்கள் மோகனூரில், கரும்புக் காட்டில் களை வெட்டியும் சோகை உரித்தும் மண்ணோடு கிடக்கும் பெண்களை நான் நாளும் பார்க்கிறேன். எந்தப் பூச்சி எப்போது வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய மகள்கள்தான் கல்லூரியில் இயற்பியலும் விலங்கியலும் படிக்க வருகிறார்கள். வானத்திலிருந்து ஏதேனும் அந்தக் காட்டில் இறங்கினால், முதலில் பார்க்கப்போவது அவர்களே.

‘அயலாள்’ என்ற சொல் தமிழில் உண்டு. அதற்குக் கதை எழுதுவதுதான் மிச்சம்.