குழந்தைகளுக்கு லொத்ரெக்: சுவரொட்டியிலிருந்து தொடங்கலாம்

ஓவியர் ஆன்றி தெ துலூஸ்-லொத்ரெக்கைப் பற்றிக் குழந்தைகளிடம் பேச உட்காரும் பெரியவர்கள் பெரும்பாலும் அவருடைய கால்களில்தான் தொடங்குவார்கள். 1864இல் தென் பிரான்சின் ஆல்பி நகரில், பிரபு குடும்பத்தில் பிறந்தார். பதின்மூன்று வயதில் ஒரு தொடை எலும்பு முறிந்தது; அடுத்த ஆண்டு மற்றொன்று. அதன்பின் கால்கள் வளரவில்லை. முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். உருக்கமான கதைதான். ஆனால் இதை முதலில் கேட்டுவிட்ட குழந்தை எந்தப் படத்தையும் பரிதாபக் கண்ணோடுதான் பார்க்கும். லொத்ரெக்கோ யாரையும் பரிதாபமாக வரைந்தவர் அல்ல, தன்னையும் சேர்த்து.

சிறுவர் நூல்களில் இரண்டு வழிகள் தெரிகின்றன. மைக் வெனீசியா தம் ஓவியர் வரிசையில் 1995இல் எழுதிய நூல், அசல் ஓவியங்களுக்கிடையே கேலிச்சித்திரங்களைச் செருகிச் சிரிக்கவைக்கிறது. ஏழெட்டு வயதுக்கு இந்தத் தொனி சரியானது. ராபர்ட் பர்லியின் 2005ஆம் ஆண்டு நூலுக்குப் பாரிஸ் நகரமும் முலான் ரூஜ் நடன அரங்கமும் களம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கானது. இரண்டுமே வாழ்க்கைக் கதையின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பவை. எனக்கு மூன்றாவது வழி ஒன்றில் நம்பிக்கை அதிகம். கதையைத் தள்ளிவைத்துவிட்டு, சுவரொட்டி ஒன்றை விரித்துக் காட்டுவது.

சுவரொட்டி நடந்துபோகிறவனை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. அதைப் பார்க்க முன்னறிவு எதுவும் வேண்டாம். 1881இன் பத்திரிகைச் சட்டம் சுவரொட்டிகளின் மீதிருந்த கெடுபிடிகளைத் தளர்த்தியபின் பாரிஸ் சுவர்கள் வண்ணத்தில் மூழ்கின. சுவரொட்டிக் கலைஞர் ழூல் ஷெரே அங்கே ராஜாவாக இருந்தார். 1891இல் முலான் ரூஜ் அரங்கத்துக்காக லொத்ரெக் தம் முதல் சுவரொட்டியை வரைந்தார். ஆளுயரத்துக்கும் மேல். சுமார் 3,000 படிகள் அச்சாயின. நடுவில் லா கூலு என்ற ஆட்டக்காரி காலைத் தூக்கி ஆடுகிறாள். முன்னால் நெட்டையான ஓர் ஆண், சாம்பல் நிழலாக, நீண்ட மூக்கோடு. பின்னால் கூட்டம் முழுக்கக் கறுப்பு. தொப்பிகளின் விளிம்பை வைத்துத்தான் ஆட்களை எண்ண முடியும். எண்ணச் சொன்னால் போதும், பிள்ளைகள் தாமாகவே படத்துக்குள் போய்விடுவார்கள்.

அடுத்து ‘திவான் ழாப்பொனே’ என்ற இசையரங்கின் சுவரொட்டி, 1893. கறுப்பு உடையில் நடனக்காரி ழான் அவ்ரில் உட்கார்ந்து மேடையைப் பார்க்கிறார். மேடையில் பாடுகிறவருக்குத் தலையே இல்லை. படத்தின் மேல் விளிம்பு அதை வெட்டிவிட்டது. ஆனாலும் பாரிஸ்காரர்களுக்கு ஆளைத் தெரிந்தது. முழங்கைக்கு மேல் ஏறிய அந்தக் கறுப்புக் கையுறைகள் ஈவெத் கில்பேருடையவை. உருவப்படம் என்றால் முகம் என்று நினைத்திருக்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கையுறையும் உருவப்படம்தான். பாடகர் அரிஸ்தீத் ப்ருயானுக்குச் சிவப்புக் கழுத்துத் துணியும் அகலத் தொப்பியும் அப்படித்தான். அவருக்கு லொத்ரெக் போட்டது மூன்று நான்கு வண்ணங்கள், சில கோடுகள், அவ்வளவே. ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களிலிருந்து கற்ற சிக்கனம் அது.

அச்சு முறையையும் காட்டிவிட வேண்டும். கல்லச்சின் ரகசியம் எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதே. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புப் பென்சிலால் வரைவார்கள், கல்லை நனைப்பார்கள், மை கோட்டில் மட்டும் பிடிக்கும். வண்ணத்துக்கு ஒரு கல். மெழுகுக் கிரேயானால் கிறுக்கி மேலே நீர்வண்ணம் பூசிப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் இது ஏற்கெனவே தெரியும். லொத்ரெக் பல் துலக்கும் பிரஷ்ஷை மையில் தோய்த்துத் தெறிக்கவும் செய்தார் என்று சொன்னால் வகுப்பறையை அதன்பின் யார் கட்டுப்படுத்துவது என்பதுதான் பிரச்சினை.

முகங்களுக்கு இதற்குப் பிறகு வரலாம். அம்மா அதேல் காலை உணவு மேசையில், கோப்பைக்கு முன்னால், கண்ணைத் தாழ்த்தி இருக்கும் படம் இளமையில் வரைந்தது. 1887இன் வான்கோ, வண்ணக்கோல்களால் ஆன பக்கவாட்டு முகம். கோடுகள் மழைபோல விழுகின்றன. லொத்ரெக்கும் வான்கோவும் ஓவியர் கொர்மோனின் ஓவியக்கூடத்தில் பழகியவர்கள். கில்பேரோ, லொத்ரெக் தனக்காக வரைந்துவந்த சுவரொட்டித் திட்டத்தை வேண்டாமென்றார். அவ்வளவு அவலட்சணமாக இருந்ததாம். ஆனால் 1894இல் அவரைப் பற்றிய கல்லச்சுத் தொகுப்பு வந்தபோது நூறு படிகளிலும் கையெழுத்திட்டார். அழகாக வரைவதும் ஆளைப்போலவே வரைவதும் வேறுவேறு என்பதைப் பத்து வயதுக்காரர்கள் நம்மைவிடச் சீக்கிரம் ஒப்புக்கொள்வார்கள்.

தர்மசங்கடமும் உண்டு. வான்கோவின் முன்னால் மதுக்கோப்பை இருக்கிறது. லொத்ரெக் விலைமகளிர் விடுதிகளிலும் தங்கி வரைந்தார். குடி அவர் உடலைக் கெடுத்தது. சிறியவர்களுக்கு அந்தப் படங்கள் தேவையில்லை, காட்டாமல் விடலாம். ஆனால் அவர் குடிக்கவே இல்லை என்பதுபோலக் கதையைக் கழுவித் தருவது வேறு. அதில் எனக்கு உடன்பாடில்லை. 1899இல் குடியினால் நேயி மருத்துவமனையில் வைக்கப்பட்டபோது சர்க்கஸ் காட்சிகளை நினைவிலிருந்தே வரிசையாக வரைந்தார். குதிரை, கோமாளி, கயிற்றில் நடக்கும் பெண். தன் புத்தி தெளிவாக இருக்கிறது என்று மருத்துவர்களுக்குக் காட்டினார், வெளியே விட்டார்கள். பன்னிரண்டு வயதுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

மிகச் சிறியவர்களுக்கு அதே ஆண்டு வெளிவந்த இன்னொன்று இருக்கிறது: ழூல் ரெனாரின் ‘இயற்கைக் கதைகள்’ நூலுக்கு அவர் வரைந்த விலங்குகள். நத்தை, தேரை, சிலந்தி, கழுதை. அறிமுக நூல்கள் முலான் ரூஜையே சுற்றிச்சுற்றி வருவதால் இது பெரும்பாலும் ஓரத்தில் கிடக்கிறது. நான் ஒரு வகுப்புக்குப் படங்களைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் லா கூலுவுக்குப் பக்கத்திலேயே அந்தத் தேரையையும் மாட்டிவைப்பேன்.