குறளைப் போற்றினார், சாதியைப் பொறுத்தார்!

பனமரத்துப்பட்டியில் ஒரு பிற்பகல் வேளை. பத்தாம் வகுப்பு மாணவர்க்கு நாம் திருக்குறள் கற்பித்துக்கொண்டிருந்தோம். வள்ளுவரின் பெருமையை எடுத்துரைக்க வேண்டி, பெஸ்கி, ஏரியல், கிரவுல், போப் என்று மேனாட்டு மொழிபெயர்ப்பாளர் பெயர்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினோம். நெசவாளி வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்து நின்றான். "ஐயா, இத்தனை பேரும் குறளை மொழிபெயர்த்தார்கள் என்கிறீர்களே, அதன்படி நடந்தார்களா?" என்று கேட்டான். வகுப்பு நகைத்தது. நாம் நகைக்கவில்லை. நல்ல வேளையாக மணி அடித்தது. விடை சொல்லும் பொறுப்பிலிருந்து தப்பினோம். ஆயினும் அவ்வினா நம்மை விடவில்லை. அவனுக்கு நாம் பட்ட கடனை அடைக்கும் முயற்சியே இக்கட்டுரை.

அப்பெயர்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். கார்ல் கிரவுல் என்னும் ஜெர்மானியர் லுத்தரன் சமய அறிஞர். பாதிரிமார்களைப் பயிற்றுவித்த நிலையத்தின் தலைவர். வாழ்நாளின் இறுதியில் பல்கலைக்கழக மேடையேறியவர். தமிழுக்கு அவர் செய்த தொண்டு பெரிது. தமிழ் மக்களுக்குச் செய்யத் தவறியதும் பெரிது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது திறனாய்வாகாது.

1814-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6-ஆம் நாள், ஜெர்மன் நாட்டு வோர்லிட்ஸ் என்னும் சிற்றூரில், எளிய நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார் கிரவுல். தறிக்குழியில் முடிந்திருக்க வேண்டிய வாழ்வு கல்வியால் உயர்ந்தது. லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தேயின் காவியத்தில் நரகத்தைப் பாடும் பகுதியை ஜெர்மனில் பெயர்த்து 1843-இல் வெளியிட்டார். மறு ஆண்டு, டிரெஸ்டன் நகரில் இயங்கிய லுத்தரன் சமயத் தொண்டுச் சங்கத்தின் தலைமை அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பது.

தலைமை ஏற்றவர் செய்த சீர்திருத்தம் ஒன்று நம் மதிப்பிற்குரியது. பிற நாட்டிற்குச் சென்று பேச விரும்புவோன் அந்நாட்டு மொழியையும் நூல்களையும் சிந்தனையையும் கற்றாக வேண்டும் என்றார். அதற்காகவே சங்கத்தின் நிலையத்தை 1848-இல் பல்கலைக்கழக நகரமான லைப்சிக்கிற்கு மாற்றினார். பிறர்க்குச் சொன்னதைத் தாமும் செய்தார். 1849-இல் புறப்பட்டுப் பாலஸ்தீனம், எகிப்து வழியாகத் தமிழகம் வந்தார், தமிழ் கற்றார், 1853-இல் நாடு திரும்பினார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

திரும்பியவர் ஓய்ந்திருக்கவில்லை. 'தமிழ் நூலகம்' என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரில், 1854-இல் ஒரு நூல் வரிசையைத் தொடங்கினார். கைவல்ய நவநீதத்தின் தமிழ் மூலம் ஆங்கில மொழிபெயர்ப்போடும் தமிழ் இலக்கணச் சுருக்கத்தோடும் 1855-இல் வெளிவந்தது. 1856-இல் திருக்குறள் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் அறத்தையும் பொருளையும் மட்டுமே இலத்தீனில் தந்தார். ஏரியல் இன்பத்துப் பாலைப் பிரெஞ்சில் தந்தார். கிரவுலோ முப்பாலையும் முழுமையாகத் தம் மக்கள் கையில் கொடுத்தார். இலத்தீன் மொழிபெயர்ப்பையும் ஆக்கி வைத்தார். அது அவர் மறைவுக்குப் பின் 1865-இல் அச்சேறியது. போப்பின் ஆங்கிலக் குறள் வெளிவந்த 1886-க்கு முப்பது ஆண்டுகள் முன்னரே வள்ளுவர் ஜெர்மானியரோடு உரையாடத் தொடங்கிவிட்டார் என்பது நமக்குப் பெருமையன்றோ! மொழிபெயர்ப்பால் குறளின் அழகு முழுவதையும் காட்ட முடியாது என்று கிரவுலே ஒப்புக்கொண்டார். அந்த அடக்கமும் பாராட்டத்தக்கதே.

இதுவரை சொன்னவை, மேடைதோறும் நாம் மகிழ்ந்து முழங்கும் செய்திகள். இனிச் சொல்லப்போவது, மேடையில் நாம் விட்டுவிடும் செய்தி.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்திறங்கிய 1706 முதற்கொண்டே லுத்தரன் திருச்சபையைச் சாதி விடாது பின்தொடர்ந்தது. கோயில் ஒன்று, அமரும் இடம் வேறு. வழிபாடு ஒன்று, வரிசை வேறு. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலத் திருச்சபைப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி உடனடியாக, அடியோடு ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சையிலே புயல் எழுந்தது. உயர்சாதிக் கிறித்தவர் பலர் கோயிலைத் துறக்கத் துணிந்தனரேயன்றிச் சாதியைத் துறக்கத் துணிந்தாரில்லை. தமிழ்க் கிறித்தவக் கவிஞருள் தலைசிறந்தவரான வேதநாயக சாஸ்திரியாரும், இவ்வாணைக்கு முன்பே, சாதி வழக்கங்களைக் காக்க எழுதுகோல் எடுத்தவரே. கவிதை வேறு, கருணை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1850-இல் சென்னையில் கூடிய சமயத் தொண்டர் மாநாடு, எச்சாதியார் சமைத்த உணவையும் உண்ண இசையாதவர்க்குத் திருச்சபையில் இடமில்லை என்னும் அளவிற்குச் சென்றது. புராட்டஸ்தாந்து சங்கங்கள் பலவும் இசைந்தன. லைப்சிக் சங்கம் விலகி நின்றது. ஆங்கிலத் திருச்சபையை விட்டு வெளியேறிய சாதிக் கிறித்தவர் பலர் லைப்சிக் சங்கத்தின் நிழலில் ஒதுங்கினர். அந்நிழலுக்கு நியாயம் வகுத்தவர் யார்? குறளைக் கற்றுக்கொண்டிருந்த அதே கிரவுல்! 1851-இல் சென்னையிலே நூலொன்றை வெளியிட்டுத் தம் சங்கத்தின் கொள்கையை விளக்கினார்.

அவர் வாதத்தைச் சிதைக்காமல் சொல்லுவோம். சாதி என்பது நாட்டு மக்களின் சமூக ஏற்பாடு. ஐரோப்பாவிலே பிரபு, வணிகர், உழவர் என்று படிநிலைகள் இருப்பதைப் போன்றது. அதில் ஒட்டியுள்ள சமயக் கறையைக் கழுவுவோம். எஞ்சியதைச் சட்டத்தாலும் கட்டாயப் பந்தியாலும் உடைக்க முனையோம். போதனை உள்ளிருந்து மெல்ல மெல்ல மாற்றட்டும். இதுவே அவர் நிலை. இதில் உண்மை சிறிதும் இல்லை என்று நாம் சொல்லோம். ஆளும் இனத்தார் தம் வழக்கங்களை இந்நாட்டின் மேல் திணிப்பதை அவர் வெறுத்தார். தமிழன் கிறித்தவனானாலும் தமிழனாகவே இருக்க வேண்டும் என்று விரும்பினார். அவ்விருப்பத்தை நாம் எப்படிப் பழிப்போம்?

ஆனால் ஒன்று கேட்கிறோம். ஐரோப்பியப் படிநிலையும் தமிழகத்துச் சாதியும் ஒன்றா? ஒன்றன்று என்பதற்குச் சான்று தேடி நாம் நூல் நிலையம் செல்ல வேண்டியதில்லை. கிரவுலின் வாழ்க்கையே சான்று! வோர்லிட்ஸ் நெசவாளியின் மகன் பல்கலைக்கழகம் புகுந்தான், பாதிரிமார்களுக்குத் தலைவனானான், நூலாசிரியனானான். அவன் கையால் உணவு வாங்க எவரும் கூசவில்லை. அவன் நிழல் பட்டதென்று எவரும் நீராடவில்லை. படியில் பிறந்தவன் ஏறிச் செல்லலாம்; அதனாலேயே அது படி. ஏற முடியாதபடி பிறப்பையே பூட்டாகப் பூட்டிய ஒன்றைப் படியென்று அழைப்பது தகுமா? தம்மை உயர்த்திய ஏணியைச் சுட்டிக்காட்டி, ஏணியே இல்லாத குழியில் கிடப்பவனிடம், 'உன்னுடையதும் இதுதான்' என்று சொல்லிவிட்டார் அந்த நெசவாளி மகன். அவர் அறிவில் குறையில்லை. எவரிடம் கேட்டு அறிந்தார் என்பதில்தான் குறை. சாதியால் பயன் பெற்றவர் சொல்லைக் கேட்டார். சாதியால் மிதிபட்டவர்க்கு அது எப்படி இருந்தது என்பதைத் தம் வாதத்தின் அடித்தளமாக்கினாரில்லை.

மிதிபட்டவர் வரலாறு அவருடைய திருச்சபையிலேயே இருந்தது. தமிழருள் முதன்முதலாக லுத்தரன் குருப்பட்டம் பெற்றவர் ஆரோன்; வேளாளர்; ஆண்டு 1733. அக்காலத்திலேயே இராசநாயக்கன் என்றொருவர் இருந்தார். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். தஞ்சை மன்னர் படையில் பணிபுரிந்தவர். தமிழில் அச்சான வேத நூலைத் தாமே படித்து, தாமே தெளிந்து வந்தவர். உபதேசியாராக நெடுங்காலம் உழைத்தார். 1741-இல் இரண்டாம் தமிழ்க் குருவைத் தெரிவு செய்தபோது பட்டம் வேறொருவர்க்குச் சென்றது. இராசநாயக்கன் கையால் திருவிருந்து பெற உயர்சாதியார் இசையமாட்டார் என்ற அச்சமே தடையாயிற்று. 1771-இல் உபதேசியாராகவே மறைந்தார். 'மெல்ல மாறும்' என்று கிரவுல் எழுதிய நாளில், அம்மனிதர் மறைந்து எண்பது ஆண்டுகள் கடந்திருந்தன. மெல்ல என்றால் எத்துணை மெல்ல?

அக்காலத்தவரை இக்காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று சிலர் வினவலாம். அக்காலத்து அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். கிரவுலின் சங்கத்திலேயே கார்ல் ஓக்ஸ் என்னும் பாதிரியார் இருந்தார். சாதிக்கு இடங்கொடுப்பதை அவர் மனம் ஏற்கவில்லை. சங்கத்தை விட்டு வெளியேறினார்; தென்னார்க்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். 1860-களில் டேனிஷ் சங்கம் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பின்னாளில் ஆற்காட்டு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது அப்பணியே. அதே நாடு, அதே சமயம், அதே ஆண்டுகள்! ஓக்ஸ் கண்களுக்குத் தெரிந்தது கிரவுல் கண்களுக்குத் தெரியாமற் போனதற்குக் காலத்தின் மேல் பழி போடலாமோ?

பெருமை என்னும் அதிகாரத்தின் இரண்டாம் குறளைக் கிரவுலும் மொழிபெயர்த்தார். பிறப்பினால் உயிர்களுக்குள் வேறுபாடில்லை என்று முழங்கும் குறள் அது. 1851-இல் சாதிக்கு விளக்கம் எழுதிய கை, ஐந்தே ஆண்டுகளில் அக்குறளையும் ஜெர்மனில் அச்சேற்றியது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது மொழிப் புலமை. அச்சொல் தன்னையே நோக்கி நீட்டும் விரலைக் காண்பது நெஞ்சின் புலமை. முன்னது அவரிடம் நிறைந்திருந்தது.

1864-இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில், சமயத் தொண்டும் பல்கலைக்கழக ஆய்வுக்குரிய துறையே என்று கிரவுல் உரையாற்றினார். அவ்வாண்டே நவம்பர் 10-ஆம் நாள், ஐம்பதாம் வயதில் மறைந்தார். அவர் வளர்த்த சங்கத்தின் வழியே 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. சென்னைக் கீழ்ப்பாக்கத்துக் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில், 1980-களில், அரவிந்த் நிர்மல் தலைமையில் தலித் இறையியலுக்கென்றே ஒரு துறை எழுந்தது. மிதிபட்டவன் துன்பத்திலிருந்தே இறையியல் தொடங்க வேண்டும் என்பது அத்துறையின் குரல். கிரவுல் கேட்கத் தவறிய வினாவை, அவர் மரபில் வந்த ஒரு கல்லூரியே ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் கேட்டது.

அன்பர்களே! வெளிநாட்டான் ஒருவனைக் குற்றக்கூண்டில் நிறுத்திவிட்டு நாம் வீடு திரும்பிவிடலாமா? கிரவுலின் பிழை நம்முடையதும் அல்லவா? குறளை நாமும் ஓதுகிறோம். பேருந்தில் எழுதுகிறோம், திருமண அழைப்பில் அச்சிடுகிறோம். அழைப்பின் மேலே குறள். உள்ளே மணமக்கள் ஒரே சாதி! ஊர்த் தேநீர்க் கடையில் குவளை பிரிந்திருப்பதைக் கண்டும், 'மெல்ல மாறும்' என்று நாமும் சொன்னதுண்டு. தமிழை நேசிப்பவன் தமிழனை நேசிப்பான் என்று நம்பி வந்தோம். முப்பாலையும் கரைத்துக் குடித்த கிரவுலின் வாழ்வு அந்நம்பிக்கையை உடைக்கிறது. மொழிப்பற்று ஒருவனை நூலின் வாயில் வரை அழைத்துச் செல்லும். சேரியின் வாயில் வரை அவனேதான் நடக்க வேண்டும்.

மறுவாரம் அம்மாணவனிடம் விடை சொன்னோம். "இவர் குறளை நன்றாகப் பெயர்த்தார், ஒரு குறளின்படி நடக்கத் தவறினார். அவரும் உன்னைப் போல் நெசவாளி மகன்தான்" என்றோம். சற்று நேரம் எண்ணினான். பின்பு கேட்டான்: "அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே, ஐயா?"

தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு மட்டுமல்ல, நமக்கும்.