படம் பிடித்து நாடி பார்ப்பது

சுவரைத் தொடாமலே அளக்கும் கலை ஒன்று உண்டு. கேமராதான் அதன் முழக்கோல். ஒற்றைப் பாறைமேல் நிற்கும் நாமக்கல் கோட்டை மதிலை அப்படி அளப்பதென்றால் இளவெயிலிலேயே தொடங்கிவிட வேண்டும். நேரம் ஏறினால் பாறை சுடும், நிழல் கறுத்துக் கல்லின் முகத்தை மறைக்கும். ஓரடி நகர்ந்து ஒரு ‘க்ளிக்’. இன்னோர் அடி, இன்னொரு ‘க்ளிக்’. ஓட்டின்மேல் ஓடு வேய்வதுபோல, ஒவ்வொரு படமும் முந்தையதன்மேல் பாதிக்கு மேல் படிய வேண்டும். அவசரப்பட்டு ஓரிடம் விட்டுப்போனால், பிறகு கணினியில் உருவாகும் வடிவத்தில் அங்கே ஓட்டை விழும்.

விரிசல் பக்கத்தில் சிறிய அளவுகோலை வைத்து, அதையும் சேர்த்தே எடுப்பார்கள். கணினியில் படங்கள் ஒன்றுகூடும்போது உளித்தழும்பு, காரை உதிர்ந்த பள்ளம், மெல்லிய வெடிப்பு எல்லாம் முப்பரிமாணமாய் எழும். சில மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டால் வெடிப்பு வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். பழைய கட்டடத்துக்கு நாம் செய்யும் முதல் மரியாதை, அதைப் பொறுமையாகப் பார்ப்பதுதான்.